பல்லால் கேட்ட மெக்கானிக்

காலை ஏழு பத்து. தங்கச்சிமடத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக், என் மாமனாரின் பழைய கார் மீது குனிந்திருந்தார். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைப் பல்லில் கடித்துக் கண்களை மூடியிருந்தார். படகுச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால், இன்ஜினை அவர் அப்படித்தான் கேட்பாராம்.

"அடியில பேரிங் தட்டுது. ஆயில் இல்லாம ஓடியிருக்கு. சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சா?"

முந்தின நாள் நான்தான் ஓட்டி வந்தேன். பாம்பன் பாலத்தில் ஏறியதிலிருந்து விளக்கு எரிந்தது. வீடு பக்கம்தானே என்று நிறுத்தவில்லை. மாமா அருகில் நின்றார். இல்லை என்று தலையசைத்தேன்.

மெக்கானிக் என்னையே பார்த்தார். "நல்லா யோசிங்க சார். கடலுக்குப் போறவுக இதை மறைக்க மாட்டாக. அவுகதான அதுல ஏறிப் போகணும்?"



"போன வாரம் நாந்தேன் ஓட்டுனேன்" என்றார் மாமா. "கண்ணு முன்ன மாதிரி இல்ல. லைட்டைக் கவனிக்காம விட்டிருப்பேன்."

மெக்கானிக் ஸ்டூலைத் துடைத்து மாமாவுக்குப் போட்டார். "உக்காருங்கய்யா. வண்டின்னா தேயத்தான் செய்யும்."

என்னிடம் அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

மாமா அதற்குப் பிறகு கார் ஓட்டவில்லை.