சபை குரூப்பில் நான் போட்ட வினாடி வினா

உங்கள் முன்னால் இன்றைக்கு என்னை மூச்சோடு நிற்க வைத்த ஆண்டவருக்கு முதல் நன்றி. சகோதரிகளே, என்னை உங்களுக்குத் தெரியும். இங்கே கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிறேன். வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். ஒரே மகள் எஸ்தர், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

எஸ்தர் சின்ன வயதிலிருந்து வேதாகம வினாடி வினாவில் பரிசு வாங்குகிறவள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. போன மழைக்காலத்தில் அவள் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வினாடி வினா லிங்க் வைத்திருந்தாள். வசனக் கேள்விதான் என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் நம் சபை குரூப்பில் போட்டேன். "என் மகள் தயாரித்தது, எல்லாரும் பதில் சொல்லுங்கள்" என்று வேறு எழுதினேன்.

அது 'எஸ்தரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?' என்கிற விளையாட்டு. அதில் ஒரு கேள்வி: கிளாஸை கட் அடித்தால் எஸ்தர் எங்கே இருப்பாள்? சரியான பதில்: மன்னவனூரில், முத்துவோடு.

சபையே படித்தது. என் வீட்டுக்காரரும் படித்தார்.

மத்தியானம் வீட்டுக்குள் வந்ததும் எஸ்தரின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். முன்பல் உடைந்து தரையில் விழுந்தது. குறுக்கே போனேன். பெல்ட் என் முதுகில் விழுந்தது, அப்புறம் அவர் கால் என் வாயில். எஸ்தரின் போனை அம்மிக்கல்லில் போட்டு நொறுக்கினார்.

"ஆத்தாளும் மகளும் சேந்து என் மானத்தை வாங்கிட்டீங்கல்ல? அவனை முடிச்சுட்டு வந்து உங்களைப் பாத்துக்கிறேன்."

வேனிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்து முன் சீட்டில் போட்டார். எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மன்னவனூருக்குக் கிளம்பினார்.

முழங்காலில் விழுந்தேன். ஜெபம் வரவில்லை, வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஜெபக் கூட்டத்தில் நான் கொடுத்த விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான்: "குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்." என் காது கிழிந்தபோதும் அதைத்தான் சொன்னேன், கை ஒடிந்தபோதும் அதைத்தான் சொன்னேன். "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாளாவது பொய் சொல்லாம ஜெபிக்க வைங்க" என்று கதறினேன். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. சார்ஜில் கிடந்த என் போனை எடுத்து, அதே சபை குரூப்பில் பேசி அனுப்பினேன்.

"எங்க வீட்டுக்காரரு எங்களை அடிச்சுப் போட்டுட்டு, முத்துங்கிற பையனைக் கொல்ல மன்னவனூர் போறாருங்க. கையில கம்பி வச்சிருக்காரு. ஜெபிங்க. வெரசா யாராச்சும் வாங்க."

நீங்கள் மழையில் ஓடி வந்து கல்லால் பூட்டை உடைத்தீர்கள். இதோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ரோஸ்லின் அக்காவுக்குப் பிறந்த ஊர் மன்னவனூர். ஜெபித்துக்கொண்டே அங்கே இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டார்.

காரட் கழுவுகிற இடத்தில் வேலையாக இருந்த முத்துவைப் பிடித்துவிட்டார் என் வீட்டுக்காரர். முதல் அடியில் அவன் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மண்டையைப் பார்த்து இரண்டாவது அடிக்குக் கம்பியை ஓங்கியபோது அக்காவின் தம்பி பின்னாலிருந்து பாய்ந்தார். காரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் என் வீட்டுக்காரரைச் சேற்றில் அமுக்கி, மூட்டைக் கயிற்றால் கட்டினார்கள். போலீஸ் வரும்வரை அவர் மேலேயே உட்கார்ந்திருந்தார்களாம்!

அந்த இரண்டாவது அடி விழவில்லை. முத்து உயிரோடு இருக்கிறான். என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான்.

"மன்னிச்சு கேஸை வாபஸ் வாங்கிருங்க சிஸ்டர்" என்று சிலர் வந்தார்கள். மன்னிக்க ஆண்டவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். எஸ்தர் கிளாஸுக்குப் போகாதது தப்புதான், ஆனால் அதற்குப் பல்லை உடைப்பதா? இப்போது நாங்கள் இருவரும் தனியாக இருக்கிறோம். அவள் ஒழுங்காகக் கிளாஸுக்குப் போகிறாள். கட் அடித்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறாள்.

சகோதரிகளே, ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் கேட்கிறார், ஆளையும் அனுப்புகிறார். இனி இந்தக் கூட்டத்தில் யாராவது "குடும்ப சமாதானம்" என்று விண்ணப்பம் கொடுத்தால், நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பேன்: "எங்கே அடிச்சாரு அக்கா?"