முனுசாமிக்கு நான் எழுதிய நற்சான்று

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தபோது, பத்திரிகையில் ‘நொட்டோரியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கற்றேன். கெட்டதற்குப் பேர்போனவன் என்று பொருள். அதை எங்காவது எழுதிப் பார்க்கத் துடித்தேன்.

அங்கே தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த முனுசாமி, ஜோலார்பேட்டை ரயில்வேயில் சேர நற்சான்று கேட்டார். ஒரே ஒரு முறை மேஸ்திரியை எதிர்த்துப் பேசியவர். ‘சண்டைக்கு நொட்டோரியஸ்’ என்று எழுதினேன். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். முனுசாமிக்கு எழுத்து தெரியாது.

சில மாதம் கழித்து வந்தார்.

“பேரணாம்பட்டு வரிக்கும் காட்டிட்டேன் சார். படிச்சிட்டு வேலை இல்லன்றாங்க. உங்க லெட்டர மட்டும் நனையாம வச்சிருக்கேன்.”

வாங்கிக் கிழித்திருக்கலாம். கிழித்தால் காரணம் சொல்ல வேண்டும்.

“பத்திரமா வச்சிக்கோ” என்றேன்.

ஆம்பூரில் இன்றுவரை எனக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை.