டெல்லிக் குளிருக்கு ஒரு நூல் சேலை

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு கிண்டி, பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுப்பது மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

என் மகளுக்கு அது நடக்கவில்லை. அவள் டெல்லியில் இருக்கிறாள். ஐந்தாம் மாதத்து ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரயில், விமானம் எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை மாதத்தில் பிரசவம். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாது என்றால் தாய் வீடுதான் டெல்லிக்குப் போக வேண்டும். ஆனால் என் மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. தாய் வீடு என்று சொல்ல மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். மருமகனுக்கோ சின்ன வயதிலேயே அம்மா இல்லை. சிவகிரியில் என் அக்கா இருக்கிறாள். மகள் இங்கே வந்திருந்தால் அவள் வந்து பார்த்திருப்பாள். பக்கவாதத்தில் கிடக்கும் அத்தானை விட்டுவிட்டு அவளால் டெல்லிக்கு வர முடியாது.

நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, திரும்பவும் சங்கரன்கோவில். முப்பது வருடத்துக்கு மேல் இதே தடம். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. மீதியை ஜனங்களின் வாயிலிருந்து படித்தேன். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டையோடு ஏறுகிற அம்மாவிடம் மூட்டைக்கு டிக்கெட் கேட்டால், "அது எங்கன எறங்குதுன்னு எனக்கென்ன தெரியும், அதுட்டயே கேளும்" என்பாள். இந்த மாதிரிப் பேச்சுகளைக் கிழிந்த டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவு ஊர் சுற்றியும் மதுரைக்கு வடக்கே நான் போனதில்லை. குளிர் என்று நான் கண்டதெல்லாம், மார்கழிக் காலையில் டீக்கடையில் தலைக்குத் துண்டு கட்டுவதுதான்.

ஐப்பசியில் ஒருநாள் மகளுக்குப் போன் போட்டு, "நான் வாரேன் மக்கா" என்றேன்.

"வேண்டாம்ப்பா. இங்க ஜனவரி குளிரு உங்களுக்குத் தாங்காது. பிள்ளையக் குளிப்பாட்ட ஆள் பாத்தாச்சு."

"பாத்தா என்ன? நானும் கூட இருக்கேன்."

"வந்து நீங்க இழுத்துப் போத்திட்டுப் படுத்துட்டீங்கன்னா நான் யாரப் பாக்க? பிள்ளையையா, உங்களையா?"

அவள் அம்மா வாய் அப்படியே அவளுக்கு. கேள்வி நியாயமானது. டெல்லிக்குப் போய் நான் ஒரு நோயாளியாகப் படுத்துவிட்டால் அதைவிடப் போகாமல் இருப்பதே மேல். ஆனால் தலைப்பிரசவத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லாமல், சம்பளத்துக்கு வருகிற யாரோ பிள்ளையை வாங்குவதை என் மனசு ஏற்கவில்லை. குளிரைத் தாங்குவேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன் என்று இரண்டையும் அவளுக்குக் காட்டினால் ஒழிய அவள் வா என்று சொல்லப் போவதில்லை.

முதலில் குளிர். எங்கள் தெருக்கோடியில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கேட்டதும் பெட்டியைத் திறந்து ஒரு கோட்டைத் தூக்கிப் போட்டார். தோளில் வாங்கினேன். ஒரு ஆட்டைத் தூக்கி வைத்தது மாதிரி இருந்தது.

"கோட்ட விடும், அது சும்மா பயமுறுத்த. டெல்லி குளிரு மேல இருந்து வாறதில்லவே, தரையில இருந்து ஏறும். காலப் பாத்துக்கிட்டா போதும்" என்று இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸையும் கொடுத்தார்.

நான் வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை. போட்டுப் பழகாமல் போய்ப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? அதனால் ஊரிலேயே பழக ஆரம்பித்தேன். காலையில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவேன். ரப்பர் செருப்பின் வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நுழைய வேண்டும், சாக்ஸ் விடாது. அரைக்கால் செருப்பில், அரைக்கால் தரையில் என்று இழுத்துக்கொண்டு நடந்தேன். வெயில் ஏற ஏற உள்ளங்கால் வெந்தது.

டீக்கடையில் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

"கண்டக்டரே, காலுக்கு மட்டும் டெல்லி வந்துட்டு போல?"

"ஏலே, சிரிக்காத. மேலுக்கு இன்னும் டிக்கெட் கிடைக்கல" என்றேன்.

பத்து நாளில் பழகிவிட்டது. மார்கழிக்கு முன்னாலேயே சாக்ஸோடு சைக்கிள் மிதிக்கிற ஒரே ஆள் எங்கள் ஊரில் நான்தான்.

அடுத்தது குளியல். எதிர்வீட்டில் ஒரு மதினி. பூக்கட்டுகிறவள். மார்க்கெட்டில் பிச்சியும் மல்லியும் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து கட்டுவாள். கூடப் பிறந்த அண்ணன் மனைவி இல்லை. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் வந்த முறை. கேலி பேச உரிமை உள்ள முறை. தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

நான் போய்க் கேட்டதும் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் கொழுந்தனாரே, பஸ்ஸுல ஆள அடைச்சது மாதிரி பிள்ளைய அண்டாவுக்குள்ள அடைச்சிருவீரே?"

"அதுக்குத்தான் மதினி படிக்க வந்திருக்கேன்."

"சரி, நாளைக்குக் காலையில அம்மிக் குழவியக் கழுவி வையும்."

மறுநாள் என் வீட்டுப் பின்பக்கம் வாளியில் வெந்நீர் வைத்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்தேன். மதினி குழவியைத் துண்டில் சுற்றி என் கணுக்காலுக்கு மேலே கிடத்தினாள். பச்சைப் பிள்ளையின் கனம் ஏறக்குறைய அதுதான் என்றாள். தலை எது, கால் எது என்று முதல் நாள் எனக்குக் குழப்பம். துண்டின் ஒரு முனையில் குங்குமம் வைத்து, "இது நெத்தி. இங்கன தண்ணி நேரா விழப்படாது, கையால அணை கட்டணும்" என்றாள். எண்ணெயை எப்படித் தடவுவது, குப்புறப் போடும்போது நெஞ்சை எந்தக் கையில் தாங்குவது, காதுக்குள் தண்ணீர் போகாமல் எப்படித் திருப்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை குழவி காலிலிருந்து உருண்டது. கல்லென்றாலும் எடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

நாலாம் நாள், எனக்குத் தெரியாமல், மதினி அவள் போனில் என் மகளை வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். நான் பாட்டுக்குக் குழவியைக் குப்புறப் போட்டு முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். காலில் கம்பளிச் சாக்ஸ் வேறு. குளிரில் குளிப்பாட்டும்போது அதோடுதானே உட்கார வேண்டும் என்று நனையவிட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மகளின் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. "ஐயோ அப்பா! பெரியம்மா, அவர நிறுத்தச் சொல்லுங்க, எனக்கு வயித்த வலிக்கு!" என்றாள். நான் வெட்கத்தில் குழவியைத் திருப்பினேன்.

"தலைய விட்டுட்டீங்க! தலையப் பிடிங்கப்பா!"

கத்திவிட்டாள். நான் சட்டென்று குங்குமம் வைத்த பக்கத்தைக் கையில் தாங்கினேன். மதினி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ட்ரெயின்ல டிக்கெட் போடணும்னு உங்க மருமகனக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். பிறகு, "அப்பா, அம்மா சேலை ஏதாவது இருக்கா? பிள்ளையச் சுத்த. அந்தச் சாம்பல் கலர், மெரூன் கரை போட்டது இருந்தா கொண்டாங்க" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் நினைவு வந்தது. ஒரு சேலைகூட வீட்டில் இல்லை. என் மனைவி இறந்து வருஷம் திரும்பியதும் பீரோவைத் திறந்து, தெருப் பெண்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அதுதான் சரி என்று பட்டது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசனை வந்துகொண்டிருந்தது, எனக்குத் தாங்கவில்லை. மகளுக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததை நாலு வருடம் மனதிலேயே வைத்திருக்கிறாள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எந்த வாசலில் போய் எந்த முகத்தோடு கேட்பது? மதினியிடம்தான் சொன்னேன். அவள் அன்று மாலையில் பூக்கூடையோடு கிளம்பினாள். பூ கொடுக்கிற வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து சேலைகள் வர ஆரம்பித்தன. ஒன்று ஜன்னல் திரையாக இருந்து வந்தது, கம்பி கோர்த்த ஓட்டையோடு. ஒன்றில் மூன்று பிள்ளைகள் தொட்டில் ஆடியிருக்கின்றன. ஒன்றைக் கொண்டுவந்த பெண், "பாதியத்தான் அண்ணாச்சி கொண்டாந்திருக்கேன், மீதி அடுப்படியில புடிதுணியாப் போச்சு" என்று தலையைக் குனிந்தாள். நான் கோபப்படுவேன் என்று நினைத்தாள் போல. அந்தப் பாதிச் சேலை பஞ்சுபோல் இருந்தது. மதினி ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கையில பாக்கப்படாது, கை காய்ச்சுப் போயிருக்கும். கன்னத்துலதான் பாக்கணும். உரசுனா பிள்ளைக்கு ஆகாது" என்றாள்.

எல்லாம் வந்தது, மகள் கேட்ட சாம்பல் சேலை மட்டும் வரவில்லை. யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் மதினி தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மடிப்புக் கலையவில்லை.

"நீரு எனக்குத்தான் தந்தீரு. கட்டலாம்னு எடுப்பேன், மனசு வராது, திரும்ப வச்சிருவேன்."

எங்கள் ஊர்த் தறிச் சேலை. என் மனைவி இருந்த கடைசி ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து போய் எடுத்தது. அம்மா ஒரே ஒரு தரம் கட்டினாள். கஞ்சி அப்படியே இருந்தது. மதினி கன்னத்தில் வைத்தாள், முகம் சுருங்கியது. "பொத்திப் பொத்தி வச்சு நானே கெடுத்துட்டேன்" என்றாள். தெருவில் எல்லோரும் கட்டிக் கிழித்த சேலை பிள்ளைக்கு ஆகிறது. இவள் மரியாதையாக வைத்திருந்தது ஆகவில்லை.

நான் கிளம்பப் பதினைந்து நாள் இருந்தது. மறுநாள் காலை மதினி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பூக்கட்ட உட்கார்ந்தாள். இரவு கல்லில் அடித்துத் துவைத்து, காலையில் திரும்பவும் அதையே கட்டினாள். கார்த்திகை மழையில் சில நாள் அரை ஈரத்தோடேயே கட்டினாள். மூன்றாம் நாளிலேயே கேலி ஆரம்பித்துவிட்டது.

"என்ன மதினி, வேற சேலையெல்லாம் அடகுல இருக்கா?"

"போடி, டெல்லியில ஒருத்தர் வாராரு. அவருக்குப் பதம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

எதிர்வீட்டு வாசலில் அந்தச் சாம்பல் நிறத்தைத் தினமும் பார்ப்பது எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. டீக்கடையிலிருந்து திரும்பும்போது தூரத்தில் பார்த்து ஒரு நொடி நின்றுவிடுவேன். பிறகு அதுவும் சாக்ஸ் மாதிரிப் பழகிப்போனது. ஒரு வருடம் பீரோவுக்குள் பார்க்கப் பயந்ததைத் தெருவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற அன்று விடாத மழை. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு மதினி குடையோடு வந்தாள், கையில் மஞ்சள் பை.

"காயல கொழுந்தனாரே. வண்டியில காயப் போடும். இன்னும் ஒரு வாரம் கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், என்ன செய்ய" என்றாள். என் காலைப் பார்த்துச் சிரித்தாள். சாக்ஸ் போட்டிருந்தேன். செருப்பு மட்டும் இந்த முறை வார் இல்லாதது.

மதுரையில் டெல்லி வண்டிக்கு மாறியதும், மேல் பெர்த்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே சேலையைக் கட்டினேன். என் பஸ்ஸில் எவனாவது இப்படிக் கட்டியிருந்தால் நான் என்ன சத்தம் போட்டிருப்பேன்! டிக்கெட் பரிசோதகர் வந்தார். சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரப் பிள்ளைக்கு" என்றேன். தமிழ் தெரியாதவர். ஆனாலும் குனிந்து அடியில் புகுந்து போனார். இவ்வளவு நல்ல கண்டக்டராக நான் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் குளிர் வந்தது. அண்ணாச்சி சொன்னது சரிதான், தரையிலிருந்துதான் ஏறியது. கால் தப்பித்துக்கொண்டது. மகள் போன் செய்தாள்.

"ஸ்வெட்டர் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"சேலை?"

"காஞ்சிட்டு மக்கா."

"மெத்துன்னு இருக்கா?"

அவிழ்த்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று உரசியது. பிறகுதான் தாடையைத் தடவினேன். இரண்டு நாள் முள் தாடி. உரசுவது சேலையா நானா என்று தெரியவில்லை.

"இரு, சவரம் பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

அவள் அங்கே சிரிக்க ஆரம்பித்தாள். நான் பையிலிருந்து சவரக் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் கண்ணாடிப் பக்கம் நடந்தேன்.