ஓரிலை

நான் பார்த்தது புல் வெட்டும் வேலை. மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு பழைய மிளகுக் கிடங்கு. அதன் கொல்லைப்புறம் என் பொறுப்பு. தொண்ணூறுகளின் கடைசி.

ஒரு கோடைமழைக்குப் பிறகு காலேஜ் டீச்சர் ஒருவர் வந்தார். மதில் மூலையில் இலையே இல்லாத ஒரு குச்சி நின்றது. நுனியில் வாடின பூ. மண்ணில் முளைக்கிற ஆர்க்கிட் என்றார்.

"ஓரிலத்தாமரயாணு சேச்சி. இல கண்டாலே ஏது ஜாதின்னு உறப்பாகும். ஞான் வருந்நவரெ வெட்டருது, கேட்டோ."

"நீங்க வர்ற வரைக்கும் வெட்டமாட்டேன் டீச்சர்."

ஓரிதழ்த் தாமரை எங்கள் வீட்டில் தெரிந்த மருந்து. ஊதா நிறத்தில் ஒற்றை இதழ். 'இல' வந்தால் எந்த வகை என்று உறுதியாகுமாம்; அந்த இதழைத்தான் மலையாளத்தில் இல என்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குச்சி பட்டுப்போனது. அதே மூலையில் ஊதாப் பூ ஒன்று வந்தது. சிவப்புத் துணி கட்டிவைத்தேன். கூட வேலை செய்தவள் சிரித்தாள்.

"என்னக்கா, களைக்கு ரிப்பனா? மஞ்சத்தண்ணி எப்ப ஊத்தப்போறே?"

"வாய மூடிட்டு வெட்டுடி."

சுற்றிலும் தரையோடு ஒட்டி வட்ட வட்டமாக இலைகள். செடிக்கு ஒன்றுதான். ஊதாப் பூவை மூடிவிடும் என்று தூம்பாவால், அந்த ஊர் மண்வெட்டியால், கிழங்கோடு கிளறி எறிந்தேன்.

டீச்சர் வந்து துணியைப் பார்த்தார். "இதல்ல சேச்சி. பூ போயிட்டு ஒரே ஒரு இல வரும், வட்டத்தில். ஒண்ணும் வந்நில்லே?"

இல என்றால் இலைதான். எறிந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது.

"வரல டீச்சர். மழைத்தண்ணி நின்னு அழுகிப்போயிருக்கும்."

அதை அப்படியே நோட்டில் எழுதினார். இந்த மண்ணில் அது நிற்காது என்று கிடங்கு மேனேஜரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அங்கே தண்ணீர் நின்றதே இல்லை.

அடுத்த கோடைமழையில் அதே மூலையில் ஒரு குச்சி எழுந்தது. நான் கிளறியதில் ஒரு கிழங்கு தப்பியிருக்க வேண்டும். டீச்சர் தன் நம்பரைப் போன் உள்ள சாயாக்கடையில் கொடுத்துவைத்திருந்தார். போன் செய்தால் பொய் தெரிந்துவிடும். இரண்டு தடவை கடைவரை போனேன். சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இலை வந்தது. ஒன்றே ஒன்று. அதைச் சுற்றி நான் புல் வெட்டவில்லை.

ஆவணியில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று கொல்லையில் மண் அடிக்க வந்தார்கள். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், டீச்சர் தேடின செடி இதான்."

"இவிடெ அது நிக்கில்லான்னு டீச்சர் தன்னெ பறஞ்ஞல்லோ" என்றார். "டீச்சரைக் காட்டிலும் நினக்கு அறியுமோ?"

டீச்சர் சொன்னது என் வார்த்தை. மண் லாரி அந்த மூலைக்குப் பின்பக்கமாக வந்தது. ஒதுங்கி நின்றேன்.