கொழும்பில் ஒரு புது நம்பர்

கணவர் இறந்து, வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும், கொழும்பில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கொஞ்ச நாள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். தென்காசி வீட்டில் நான் ஒருத்திதான். ஒரே மகன் துபாயில். தினமும் ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். என் கையில் போன் இருப்பதே அந்த ஒரு அழைப்புக்காகத்தான்.

புறப்படும் முன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் விசாரித்தேன். நம்ம சிம்மில் அங்கே பேசினால் காசு கரைந்துவிடும், ஏர்போர்ட்டிலேயே அந்த ஊர் சிம் வாங்கிக்கொள்ளுங்கள், நெட்டோடு மலிவாகக் கிடைக்கும் என்றார் கடைக்காரர். இன்னும் ஏதோ சொன்னார். குற்றாலத்தில் சீசன். தண்ணீர் புகாத போன் கவர் கேட்டு ஈரத்துண்டோடு நாலைந்து பேர் கடையை அடைத்து நின்றார்கள். அவர் சொன்னது முழுதாகக் காதில் விழவில்லை.

கொழும்பு ஏர்போர்ட்டில் ஒரு பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, என் சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்து, புதியதைப் போட்டுத் தந்தாள். வாட்ஸ்அப் என்னவோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினேன். பழைய பேச்செல்லாம் மறைந்துவிட்டது. ஊர் மாறினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கையும் அவள் கணவரும் காலையிலேயே தங்கள் துணிக்கடைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஸலாம் சொல்லிவிட்டு அறைக்குள் போய், தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொள்வார்கள். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்து சேர்ந்த அன்று இஷா முடிந்தும் மகன் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. வேலை இருக்கும் என்றிருந்தேன். அதற்கடுத்த நாள் நானே கூப்பிட்டேன். அவன் துண்டித்தான். திரும்பக் கூப்பிட்டேன். மறுபடியும் துண்டித்தான். “உம்மா பேசுதேன் வாப்பா” என்று மகனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது. என்மேல் என்ன கோபம் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனது. தங்கையிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. வந்த இடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா?

காசு போனால் போகட்டும் என்று, தென்காசியில் என் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாதாரண அழைப்பாகவே போட்டேன். உடனே எடுத்தாள்.

“யாரு பேசுதது?”

“நாந்தான்.”

“யக்கா! தெனமும் உங்களுக்குப் போட்டுப் பாக்கேன், போவவே மாட்டேங்கு. ஒங்க மவன்ட்டயாச்சும் நல்லபடியா போய்ச் சேந்தத சொன்னியளா?”

அதை விட்டுவிட்டு, ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். அவள் சாரல் விடவே இல்லை என்றும், அருவியில் குளிக்க விடவில்லை என்றும், என் ரோஜாத்தொட்டியை மழையில் அழுகாமல் உள்ளே தள்ளிவைத்ததாகவும் சொல்லிக்கொண்டே போனாள். நான் உம் கொட்டினேன்.

அழுத முகத்தைத் தங்கை பார்த்துவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தவள், என்னைத் தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போனாள். என் வாட்ஸ்அப் புது நம்பருக்கு மாறிவிட்டதாம். அதனால்தான் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. கடைக்காரப் பையன் பழைய சிம்மை இரண்டாவது துளையில் போட்டு, அதில் நெட்டை அணைத்துவைத்தான். சும்மா வரும் மெசேஜுக்குக் காசு பிடிக்காது என்றான். சற்று நேரத்தில் வாட்ஸ்அப் அனுப்பிய குறியீட்டு எண் அதில் வந்தது. வாட்ஸ்அப் பழைய நம்பருக்குத் திரும்பியது. நெட் மட்டும் இந்த ஊர் சிம்மில் ஓடும். தென்காசிக் கடைக்காரர் சொல்ல வந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

அன்று மகன் கூப்பிட்டான்.

“சாச்சி வீட்ல பேசிக் களிச்சிட்டு இருப்பிய, அதான் போன் எடுக்கலன்னு நெனச்சேன்ம்மா. ஏதோ சிலோன் நம்பர்லருந்து வேற ஒருத்தன் விடாம கூப்ட்டுட்டே இருந்தான். பிளாக் பண்ணிட்டேன்.”

நான்தான் அது என்று சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். வைத்துவிட்டான்.

மீதி நாட்களில் சாயங்காலம் ஆனால் தனியாகக் கடற்கரைக்கு நடந்தேன். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவேன். அவளுக்கும் வாட்ஸ்அப் உண்டு, காசில்லாமல் பேசலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் மழையைப் பற்றிச் சொல்வாள். நான் போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடிப்பேன்.