ஞாயிற்றுக்கிழமை நாலு பன்னிரண்டுக்கு எறிந்த பந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. புது கார் வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது என் மனைவி சுபா, அதைப் பார்த்துச் சிரிப்பது நான். பதினாலு வருடமாக சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எது நடந்தாலும் எங்கேயாவது ஒரு பதிவு இருக்கும், தேடினால் காரணம் கிடைக்கும், அவ்வளவுதான் என் மதம். நீங்கள் இப்போதே உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. சுழியுங்கள் சார், நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. டெக்ஸஸில் நாங்கள் இருக்கும் காப்பெல் ஊரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் பரதம், ரோபாட்டிக்ஸ், கணக்கு என்று போக, இவள் பேஸ்பால் எறிகிறாள். சாப்ட்பால் இல்லை, பையன்கள் ஆடும் பேஸ்பால். ஊர் எல்லையில் ஒரு பழைய கிடங்கில், பந்து எறியும் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வலை கட்டிய நீளமான பாதைகள், ஒவ்வொன்றின் கோடியிலும் பந்து வந்து மோத ஒரு தடித்த திண்டு, வேகத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும் ஒரு ரேடார் பெட்டி, அதன் தலையில் ஒரு கேமரா. கனமான பந்து, லேசான பந்து என்று மாற்றி மாற்றி எறிய வைப்பார்கள். ஒவ்வொரு எறிதலும் நாள், நேரம், வீடியோவோடு பதிவாகி வாரக் கடைசியில் பெற்றோருக்கு ஈமெயிலில் வந்துவிடும். எனக்கு அந்த ஈமெயில்தான் வாரத்தின் பண்டிகை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது தன்னுடைய பழைய வேகத்தைத் தாண்டிவிட்டால் போதும், எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து பலகைச் சுவரைப் படபடவென்று தட்டுவார்கள். என் மகளுக்கும் தட்டினார்கள், ஐம்பத்தெட்டில், அறுபத்திரண்டில், அறுபத்தேழில். ஆறடிப் பையன்கள் நின்று ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகச் சுவரைத் தட்டுவதைக் கேட்டு வெட்கமில்லாமல் அழுதிருக்கிறேன். பள்ளிக்கூட கோச் வேறு அவளிடம், எழுபது மைல் வேகம் வந்தால் ஆள் எடுக்கும் டிரையவுட்டுக்கு வா, பையன்கள் டீமுக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் அறுபத்தேழோடு நின்றுவிட்டது. நாலு மாதம் தலைகீழாக நின்றும் அதற்கு மேல் ஒரு மைல் நகரவில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் நண்பர் வீட்டு வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாழினி உள்ளே பெண்களோடு இருந்தாள். வெளியே நாங்கள் நாலு அப்பாக்கள். முரளி என்று ஒருவர், நல்ல மனிதர்தான், மகன் வாங்கிய கோப்பையைப் பற்றி அரைமணி நேரமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து எங்கள் தமிழ் குரூப்பில், ‘யாழினி 70 மைல் தொட்டுவிட்டாள்’ என்று போட்டுவிட்டேன். பொய் என்றே தோன்றவில்லை, நம்புங்கள். நம் ஊரில் தொண்ணூற்றேழு மார்க்கை நூறுக்குப் பக்கம் என்று சொல்வதில்லையா, அதே பழக்கம். பிள்ளையைப் பற்றி நல்லதை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பாள் சுபா. நான் நடக்காத நல்லதையே சொல்லிவிட்டேன். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன.

மறுநாள் பள்ளியில் முரளியின் மகன் அவளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறான். யாழினிக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அன்றைக்கு காரில் ஏறியதும் தமிழில் பேசினாள்.

"அப்பா, நீங்க ஏன் அப்படிப் போட்டீங்க?"

"சும்மா ரவுண்டா சொன்னேன்மா. இப்பவே டெலீட் பண்ணிடறேன்."

"வேணாம். எல்லாரும் பார்த்தாச்சு. நான் செவன்ட்டி ஹிட் பண்ணலன்னா நான்தான் லையர். நீங்க இல்ல."

அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு பேச்சே இல்லை. கேட்டால் ஓகே, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வார ஈமெயில் வந்தாலும் திறந்து பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

டிரையவுட்டுக்கு முந்தின சனிக்கிழமை. போனை காரிலேயே வைத்துவிட்டுப் போய் வலைக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தாறு. வெளியே இடி மழை பிடித்துக்கொண்டது, மூன்று மணி வாக்கில் பொட்டென்று கரண்ட் போய்விட்டது. ரேடார் பெட்டிகள் எல்லாம் அணைந்தன. பயிற்சிக்கூடத்து கோச் ரே, அறுபது வயது டெக்ஸஸ்காரர், வெளிச்சத்துக்காக ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டார். சாம்பல் வெளிச்சம் தரையோடு வந்தது. எல்லோரும் மழையைப் பார்க்கப் போக, இவள் மட்டும் பந்தை எடுத்தாள். வேகம் தெரியாதே, நிறுத்தும்மா என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

எறிந்தாள் சார். பந்து திண்டில் பட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. அந்தச் செத்த பெட்டியில் சிவப்பாக 70 என்று எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம், அவ்வளவு நேரம் நின்று அணைந்தது. நான் மட்டும் பார்த்திருந்தால் கண் கோளாறு என்று விட்டிருப்பேன். கோச் ரே பார்த்தார், ஷட்டர் பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் பார்த்தார்கள். நான் பேட்டரியாக இருக்கும் என்றேன். அவர் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பேட்டரியே கிடையாதே என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

யாழினி அலட்டிக்கொள்ளவே இல்லை. கரண்ட் வரட்டும், அப்போதுதான் கணக்கு என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் வந்தது. எழுந்தாள், எறிந்தாள், 70. மறுபடி எறிந்தாள், 71. சுவரைத் தட்டினார்கள் பாருங்கள், மழைச் சத்தமே கேட்கவில்லை. நானும் கை சிவக்கத் தட்டினேன். அவள் வந்து என் தோளில் நெற்றியை முட்டி, "இப்போ போய் போடுங்க அப்பா" என்றாள். போடவில்லை. வேண்டிய அளவு போட்டாயிற்று.

டிரையவுட்டில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளியில் பையன்கள் டீமில் எறியும் ஒரே பெண் என் மகள், இதை இன்றைக்கு யாரிடமும் ரவுண்டு செய்யாமல் சொல்லலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். அந்த வார ஈமெயில் வந்தது. கரண்ட் வந்த பிறகு எறிந்த எழுபது இருந்தது, எழுபத்தொன்று இருந்தது, இருட்டில் எறிந்தது மட்டும் இல்லை. பெட்டியே அணைந்திருந்ததே, எப்படி இருக்கும்? ஆனாலும் டெஸ்டிங்காரன் புத்தி விடுமா, திறக்காமல் விட்ட பழைய ஈமெயில்களையும் திறந்து தேடினேன். மூன்று வாரத்துக்கு முந்தினதில் தனியாக ஒரே ஒரு பதிவு. யாழினி, 70 மைல், ஞாயிற்றுக்கிழமை, மாலை 4:12.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் பூட்டியிருக்கும். நான் குரூப்பில் போட்ட செய்தியின் நேரத்தைப் பார்த்தேன், 4:12. அன்றைக்கு அதே நேரத்தில் சுபா எடுத்த போட்டோ இருக்கிறது, ஆலனில், யாழினி கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையலோடு சிரிக்கிறாள். கடிகாரக் கோளாறு, பெயர் மாறிய பதிவு என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பிழையையும் சொல்லிப் பார்த்தேன். பிறகு வீடியோவை ஓட்டினேன்.

பன்னிரண்டு நொடி. பாதி தூக்கிய ஷட்டர், அதே சாம்பல் வெளிச்சம். யாழினி எறிகிறாள், கிளவுஸ் போட்ட கையின் மணிக்கட்டில் பச்சை வளையல்கள். வலைக்குப் பின்னால் நான் நிற்கிறேன், வளைகாப்புக்குப் போட்டுப் போன மஞ்சள் குர்தாவில். தலை குனிந்திருக்கிறது, கையில் போன், கட்டைவிரல் எழுதிக்கொண்டிருக்கிறது. பந்து திண்டில் அறைகிறது. யாழினி திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

சுபாவிடம் காட்டினேன், எழுந்துபோய் உப்பு எடுத்து வந்து எங்கள் இருவருக்கும் சுற்றிப் போட்டாள், நான் சிரிக்கவில்லை. யாழினியிடம் காட்டவில்லை. சனிக்கிழமைகளில் போனை இப்போதும் காரிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன், அவள் எறிவதில் ஒன்றைக்கூட விடுவதில்லை. ஆனால் அந்த வீடியோவை அழிக்கவும் மனசு வரவில்லை. அவ்வப்போது ஓட்டிப் பார்க்கிறேன். பாருடா, உன் மகள் எழுபது எறிந்துவிட்டாள், ஒரு தடவை நிமிர்ந்து பார் என்று அந்த மஞ்சள் குர்தாக்காரனிடம் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டே சொல்கிறேன். வீடியோ முடியும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவன் நிமிர்வதே இல்லை.