சிஸ்டர் அடித்த வரி

எங்கள் கல்லூரியின் எழுத்துப் பயிற்சி வகுப்பில் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்கு இருபதை ஒட்டிய வயது. பதினான்காவது ஆளுக்கு அறுபத்திரண்டு. மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் எல்லோரும் முழித்தோம். ஒருவன் வாய் தவறி 'ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான். "சிஸ்டர்னே கூப்பிடுங்கப்பா, பழகிப்போச்சு" என்றார். எங்கள் பேராசிரியரும் அப்படியே கூப்பிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நாங்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும் நேரத்தில் அவர் மளமளவென்று எழுதி முடித்து, கீழே நேரம் குறித்துக் கையெழுத்தும் போட்டுவிடுவார். மழையைப் பற்றி எழுதச் சொன்னபோது, '2.10க்கு மழை தொடங்கியது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. 2.50க்கு நின்றது' என்று மூன்றே வரி. வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

எழுதியது பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள் என்பார் பேராசிரியர். சிஸ்டர் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. தப்பான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து, அவ்வளவுதான். "வார்டு நோட்ல தப்பா எழுதினதை மறைக்கக் கூடாது சார். அடுத்த டியூட்டிக்கு வர்றவங்க அதையும் படிக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றார்.

ஒரு நாள் இடைவேளையில் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?"

அவர் கோபப்படவில்லை. "என் பையன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா. வாய்ல வர மாட்டேங்குது. எழுதினா ரிப்போர்ட் மாதிரி ஆயிடுது. அதான் கத்துக்கலாம்னு வந்தேன்" என்றார். மகன் வேறு ஊரில் இருந்தான். மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, 'மாத்திரை போட்டியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவானாம். "அவன் பேச்சை நிறுத்தி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இது விசாரிப்பு, பேச்சு இல்ல" என்றார்.

கடைசி மாதம், வாழ்க்கையில் கஷ்டமான ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார் பேராசிரியர். எழுதியதை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் வகுப்பின் விதி. சிஸ்டர் தன் கையெழுத்துப் பக்கத்தையே நகலெடுத்துக் கொடுத்தார்.

அவருடைய கணவர் மாரடைப்பில் அவர் வேலை பார்த்த வார்டிலேயே சேர்க்கப்பட்டிருந்தார். அன்று பகல் டியூட்டியில் சிஸ்டர் ஒருவர்தான். 11.40க்குக் கணவர் இறந்தார். குழாய்கள் எடுக்கப்பட்டன. கண்கள் மூடப்பட்டன. முகம் துடைக்கப்பட்டது. பிறகு சிஸ்டர் மேஜை முன் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். பரீட்சை முடிந்து நேராக வந்த பதினைந்து வயது மகன், 'அப்பா கட்டில்ல இல்லையேம்மா' என்றான். அவர் நிமிரவில்லை. இரு என்று கையை மட்டும் காட்டினார். கடைசி வரி, 'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது.' அதற்கு மேலே ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கோடு என்பதால் எல்லோருக்கும் படிக்க முடிந்தது: 'மகனிடம் நானே சொன்னேன்.'

"இதுல வர்ற அம்மாவுக்கு மனசே இல்லாத மாதிரி இருக்கு" என்றான் முன் வரிசைக்காரன். நான் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதை ஏன் அடிச்சாங்க? அப்போ பையன்கிட்ட சொன்னது யாரு?" என்றேன்.

சிஸ்டர் எழுந்து நின்றார்.

"எழுதினவங்க பேசக் கூடாது சிஸ்டர்" என்றார் பேராசிரியர்.

"தெரியும் சார்" என்றவர் என்னைப் பார்த்துப் பேசினார். "அது பொய்ம்மா. படிக்க நல்லா இருக்கேன்னு எழுதிட்டேன். வார்டு ஆயாதான் அவன்கிட்ட சொன்னாங்க. நான் அவன் மூஞ்சியப் பார்த்திருந்தா உடைஞ்சிருப்பேன். வார்டுல இன்னும் இருபத்தாறு பேர் படுத்திருந்தாங்க. அவன் வந்தப்போ எழுத ஒண்ணுமே இல்ல, ரிப்போர்ட் முடிஞ்சுபோச்சு. சும்மா பேனாவை ஓட்டிக்கிட்டிருந்தேன். அப்பா செத்ததைவிட அம்மாவுக்கு நோட்டுதான் முக்கியம்னு அவன் நெனச்சுட்டான்."

மழைக்குச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து எனக்கு அவமானமாக இருந்தது. "இதையும் எழுதுங்க சிஸ்டர்" என்று மெதுவாகச் சொன்னார் பேராசிரியர். சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் பக்கத்தின் அடியில் எழுதினார்.

வகுப்பு முடிந்ததும் கேன்டீனில் என்னிடம் ஃபோனைக் கொடுத்து, பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பச் சொன்னார். "அடிச்ச வரி தெரியாம எடுக்கட்டுமா?" என்றேன். "தெரியட்டும்" என்றார். இரண்டு டீ வாங்கி வந்தேன். அவர் தொடவே இல்லை. அரை மணி நேரத்தில் ஃபோன் அடித்தது. அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்சேம்மா" என்றது குரல்.

"ம்."

"இதுலயும் நீ என்கிட்ட சொல்லல."

சிஸ்டர் ஃபோனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லும்மா" என்றான்.

அவர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். பிறகு, "அப்பா போயிட்டார்டா கண்ணா" என்றார். "நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னால ஒண்ணும் செய்ய முடியலடா."

மறுமுனையில் அவன் விம்மி அழுவது கேட்டது. சிஸ்டரும் அழுதார். இந்த முறை அவனை இரு என்று சொல்லவில்லை.